டர்போ புராணம்: ஆவடி டாங்கியிலிருந்து செகண்ட் ஹேண்ட் டீசல் வரை

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேர். அதனால நண்பர்கள் வட்டத்துல யார் பழைய கார் வாங்கினாலும் எனக்கு ஒரு போன் வரும். சமீப காலமா எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான்: "மச்சி, வண்டி நல்லாருக்கு, ஆனா டர்போவாம். போச்சுன்னா எவ்ளோ ஆகும்?"

இதுக்குப் பதில் சொல்ல நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க :-)

எஞ்சினுக்குள்ள போற எரிபொருளின் சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சூடாகப் புகையோடவே வெளியே போயிடுது. வீணாப் போற இந்தப் புகையை வச்சே ஒரு சக்கரத்தைச் சுத்தி, அதே தண்டின் மறுமுனையில இன்னொரு சக்கரத்தால எஞ்சினுக்குள்ள காற்றைத் திணிக்கலாமேன்னு யோசிச்சவர் ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி. 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். கப்பல், ரயில் எஞ்சின்னு பெரிய உருப்படிகளில்தான் அது முதலில் பிழைச்சது.

கார் டர்போவுல அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம், ரெண்டு லட்சம் சுற்று சுத்தும். ஒரு பக்கம் நெருப்பா கொதிக்கிற புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவுல அந்தத் தண்டைத் தாங்குறது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, மீதிக் கதை முழுக்க இதுதான்.

1962இல் அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. டர்போவோட விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒண்ணு. 3.5 லிட்டர் வி8, 215 குதிரைசக்தி. ஆனா அழுத்தம் கூடினா எஞ்சின் நாக்கிங் ஆகும். அதைத் தடுக்க தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டாங்க்கில் ஊத்தணும். தீர்ந்துட்டா கார் தானே டர்போ வேகத்தைக் குறைச்சுக்கும். மக்கள் என்ன பண்ணாங்க? ஊத்த மறந்தாங்க. வண்டி இழுக்கலைன்னு சண்டைக்குப் போனாங்க. 1963ஓட அந்த கார் நின்னுபோச்சு. பின்னாளில் கம்பெனியே டர்போவைக் கழட்டி சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. பராமரிப்பை மறக்கிற மனுஷனும் டர்போவும் மோதிக்கிட்ட முதல் வழக்கு இதுதான்னு நினைக்கிறேன்.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஆவடி எஞ்சின் ஃபேக்டரியில் டி-72 டாங்கிக்குச் செய்யற வி-46 எஞ்சினில் இருக்கிறது கியரால் ஓடுற சூப்பர்சார்ஜர், 780 குதிரைசக்தி. டி-90க்கான வி-92 எஞ்சினும் 12 சிலிண்டர்தான், கொள்ளளவும் ஏறக்குறைய அதே 38.8 லிட்டர்தான். டர்போ வந்ததும் 1000 குதிரைசக்தி! பாடி பிரேக்ஸ் இந்தியாவோட குழுமத்திலிருந்து 1982இல் டர்போ எனர்ஜின்னு ஒரு கம்பெனியே கிளம்புச்சு. திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸில் பஜேரோ டர்போ டீசலைக் கோத்தாங்க. பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 2019இல் வென்யூ டர்போ பெட்ரோலை இறக்குச்சு.

நடுத்தர வர்க்கத்து வீட்டு வாசலுக்கு டர்போவைக் கொண்டுவந்தது, 2007இல் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினோட வந்த ஸ்விஃப்ட் டீசல். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுடுச்சு. ஆனா பழைய வண்டிகள் கைமாறிக்கிட்டேதான் இருக்கு.

சரி, செலவு. திருமுல்லைவாயல் நண்பர் ஒருத்தர் வாங்கின பழைய டீசல் காரில் கருப்புப் புகை, இழுவை இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "டர்போ காலி, 30,000 ஆகும்"னாங்க. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டவேண்டிய மாசம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இன்னொரு மெக்கானிக் அண்ணன் பார்த்தார். இன்டர்கூலர் ஹோஸில் விரிசல். 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

அந்த அண்ணன் சொன்ன கணக்கு இது:

கருப்புப் புகை, இழுவை குறைவு: முதல்ல ஹோஸ், கிளாம்ப், வேக்குவம் குழாய் பாருங்க. சில நூறிலிருந்து ஒண்ணு ரெண்டு ஆயிரம்.

நீலப் புகை, ஆயில் குறையுது, சைரன் மாதிரி ஊளை: தண்டு ஆடுது. நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜ் மட்டும் மாத்தினா 10,000 முதல் 15,000. முழு டர்போன்னா 20,000க்கு மேல.

திடீர்னு இழுக்குது, திடீர்னு படுத்துக்குது: விஜிடி டர்போவாக இருந்தா உள்ளே இருக்கிற இதழ்கள் கரி பிடிச்சு இறுகியிருக்கலாம். கழட்டிச் சுத்தம் பண்ணினாலே பல தடவை சரியாகும்.

முக்கியமானது இனிமேதான். "டர்போ தானா சாகாது தம்பி, ஆயில்தான் கொல்லும்"னார். ஆயில் மாத்தாம ஓட்டினா கசடு சேர்ந்து, டர்போவுக்குப் போற சின்னக் குழாய் அடைச்சுக்கும். அந்தக் குழாயைச் சுத்தம் பண்ணாம புது டர்போ மாட்டினா அதுவும் சீக்கிரமே போயிடும். ஹைவேயில் விரட்டிட்டு வந்து டக்குனு ஆஃப் பண்ணினா, சூட்டுல நின்னுபோன ஆயில் அங்கேயே கருகும். ஒரு நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்க, பைசா செலவில்லை.

ஆவடியில் பிறக்கிற டாங்கிக்கு லாக் புக் உண்டு, எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எப்ப என்ன மாத்தினாங்கன்னு. நாம வாங்குற செகண்ட் ஹேண்ட் காருக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. பழைய ஓனர் ஆயில் மாத்தினாரா, மாத்தலையா, அதுதான் நாம காசு கொடுத்து வாங்குறது. அதனால பாடி பளபளப்பைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சர்வீஸ் பில்லைக் கேளுங்க. பில் இல்லைன்னா விலையில ஒரு டர்போவைக் கழிச்சுட்டுப் பேசுங்க.

டிஸ்கி: மேல சொன்ன தொகைகள் சின்ன டீசல் கார்களுக்கு உத்தேசக் கணக்கு. பெரிய எஸ்யூவி வச்சிருக்கிறவங்க இன்னொரு சைபர் சேர்த்துக்காதீங்க, ஆனா ரெண்டு மூணு மடங்கு வரைக்கும் மனசைத் தேத்தி வச்சுக்கோங்க :-)