ஓசையும் நடுக்கமும்: புதுக்கவிதை கடந்து வந்த வழி

தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாறு, ஓசையைத் துறந்து படிமத்தை மேற்கொண்ட வரலாறு என்று கூறப்படுவதுண்டு. இக்கூற்றில் பாதியே உண்மை.

1934இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த ந. பிச்சமூர்த்தியின் 'காதல்', புதுக்கவிதையின் தொடக்கமெனப் பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. எனினும், 1959 சனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய பின்னரே அஃது ஓர் இயக்கமாயிற்று. 1962இல் அவர் தொகுத்த 'புதுக்குரல்கள்' 24 கவிஞரின் 63 கவிதைகளைக் கொண்டது. மரபு போற்றியோர் இருவகைக் குறை கண்டனர். ஓசை இல்லை என்பது ஒன்று. அருவருப்பும் அச்சமும் தரும் காட்சிகள் கவிதைக்கு ஆகா என்பது மற்றொன்று.

இரண்டாவதற்கு மரபிலேயே விடை உண்டு. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பேயும் நரியும் சூழப் பாடினார். அவருடைய மூத்த திருப்பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடுவதைத் தாழிசையின் துள்ளலோடு கேட்கிறோம். காட்சி நடுங்கச் செய்கிறது. விலக எண்ணும் உள்ளத்தை ஓசை விடாது பற்றி நிறுத்துகிறது.

முதற்குறைக்குச் சி. மணியின் பணியே விடையாகும். நகர வாழ்வின் வெறுமையையும் நிறைவேறா வேட்கையையும் 'நரகம்' என்னும் நெடுங்கவிதையில் காட்டிய அவரே, 'செல்வம்' என்ற புனைபெயரில் 'யாப்பும் கவிதையும்' என்னும் நூலையும் இயற்றினார். யாப்பைக் கடந்தவர் யாப்பறியாதவர் அல்லர்.

சீரும் தளையும் நெகிழ்ந்தபோது, வரி முறியும் இடமும், வல்லினத்தின் மோதலும், நெடிலின் நீட்சியும், சொல்லுக்கிடைப்பட்ட மௌனமும் ஓசையின் பணியை ஏற்றன. எதுகைக்குப் பழகிய செவி, அது வாராதபோது ஒரு கணம் தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்தின் வழியே படிமம் உள்ளே நுழைகிறது.

இதனை மறந்து, அதிர்ச்சி தரும் படிமங்களை அடுக்குவதே கவிதையெனக் கொண்டவிடத்து, இரண்டாம் வாசிப்பிலேயே அதிர்ச்சி தேய்ந்துவிடுகிறது. கவியரங்கில் கைதட்டலுக்காக ஓசையை மட்டும் பெருக்குவதும், கண்ணுக்காக மட்டும் எழுதுவதும் ஒரே குறையின் இரு முகங்கள். கவிதையை வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் ஓர் இலக்கிய வட்டத்தில் நிலைபெறுமாயின், அவ்விரு குறைகளும் அங்கேயே வெளிப்பட்டுவிடும். அச்சேறுமுன் கவிதைக்கு அதனினும் நேர்மையான தேர்வு வேறில்லை.