முதலில் நீட்டப்பட்ட கை

2021 ஜனவரி 16. இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கிய நாள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர் ஒரு தூய்மைப் பணியாளர். முன்களப் பணியாளருக்குக் கிடைத்த மரியாதை என்று பலர் மகிழ்ந்தார்கள். நம்மில் சிலருக்கு ஒரு கேள்வி உறுத்தியது. அவருக்குப் போட்டது கோவாக்சின். மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, 'மருத்துவப் பரிசோதனை முறையில்' என்ற நிபந்தனையோடு அனுமதி பெற்ற ஊசி. இது மரியாதையா, சோதனையா?

அவருடைய துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது.

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியம்மைத் தடுப்பு மருந்து ஏறியது. இந்தியாவில் அதுவே முதல் முறை. அன்று குளிர்சாதனப் பெட்டி கிடையாது. மருந்தைப் பிள்ளைகளின் உடலில் வைத்துத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒரு பிள்ளையின் கையைக் கீறி அம்மைப்பால் வைப்பார்கள். ஒரு வாரத்தில் கொப்புளம் திரளும். அதைக் குத்தி, வடியும் நீரை அடுத்த பிள்ளையின் கையில் ஏற்றுவார்கள். இடையில் ஒரு கை கிடைக்காவிட்டால் மருந்து அதோடு சரி. அந்த ஆண்டே இப்படிக் கைமாறிக் கைமாறிச் சென்னைக்கும் வந்துவிட்டது.

யாருடைய கைகள்? கொப்புளத்தைக் குத்தினால் வலிக்கும், புண்ணாகும். வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைகளைத் தரவில்லை. ஏழைகளின் பிள்ளைகளும் தீண்டப்படாதோரின் பிள்ளைகளும்தான் காசுக்கும் அதட்டலுக்கும் கை நீட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்தின் மூலம் பசு என்பதால் இந்துக்கள் மனமுவந்து ஏற்பார்கள் என்று வெள்ளை அதிகாரிகள் சிலர் கணக்குப் போட்டார்கள். சாதி இந்துக்கள் கேட்டதோ, இது எந்தப் பிள்ளையின் கையில் எடுத்த நீர் என்று! சேரிப் பிள்ளையின் உடல் வழியாக வந்ததும் பசுவின் புனிதமே தீட்டாகிவிட்டது. பின்னாளில் கன்றுக்குட்டியின் உடலில் அம்மைப்பால் எடுக்கும் முறை பரவியபோதுதான் அந்தப் பிள்ளைகளின் கைகளுக்கு ஓய்வு கிடைத்தது.

1980இல் உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் ஜென்னர் இருக்கிறார். அந்தப் பிள்ளைகள் இல்லை.

ஆகவே, தோழர்களே, தடுப்பூசி நமக்கு அந்நியச் சரக்கு அல்ல. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் குடியிருப்பில் முகக்கவசத்தை மறுப்பதும் நமக்கு உரிமைப் போராட்டம் அல்ல. கட்டாயமா விருப்பமா என்று தொலைக்காட்சியில் சண்டை நடந்தபோது நம் தெருக்களில் நடந்தது வேறு. தமிழ்நாட்டில் முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம். கழற்றி எறிந்த கவசங்களை அள்ளிய கைகளில் பல இடங்களில் கையுறை இல்லை. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்கு ஊசி திறந்துவிடப்பட்டபோது, கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி என்றார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத கூலித் தொழிலாளி என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது.

2022 மே 2 அன்று அதே நீதிமன்றம், எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை 21ஆவது பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பாதி மட்டும் சுற்றியது. அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறல்ல, பொதுச் சுகாதாரத்துக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்ற மறுபாதியை யாரும் அனுப்பவில்லை.

கோவாக்சினின் மூன்றாம் கட்ட முடிவு 2021 ஜூலையில் வந்தது. 77.8 சதவீதப் பாதுகாப்பு. நல்ல செய்திதான். அதற்குள் நம் தூய்மைப் பணியாளர்கள் பலர் இரண்டாம் தவணையும் போட்டு முடித்திருந்தார்கள்.