பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு தடுப்பூசியும்

1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கடைசியில், லண்டன் றோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடைபெற்றது. லான்செற் என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளிவரவிருந்த ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றைப் பற்றிய கூட்டம் அது. கட்டுரையை எழுதியவர்கள் 13 பேர். அவர்கள் ஆராய்ந்த பிள்ளைகள் 12 பேர். ஆராய்ந்தவர்களின் தொகை ஆராயப்பட்டவர்களின் தொகையைவிடக் கூட என்பதை அன்று எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த பத்து வருடங்களில், இந்த நாட்டில் கைக்குழந்தை இருந்த வீடுகளில் அந்தக் கூட்டத்தின் எதிரொலி கேட்காத வீடு குறைவு. எங்கள் வீடுகளும் அதில் அடக்கம்.

நேயர்களே, எம்எம்ஆர் எனப்படும் முக்கூட்டுத் தடுப்பூசியைப் பற்றித்தான் பேசுகிறேன். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் எதிரான ஒரே ஊசி. பிரித்தானியாவில் 1988 ஒக்டோபரில் அறிமுகமானது. நான் வைத்தியன் அல்லன். வர்த்தகம் படித்துக் கணக்காளனாக வேலை செய்பவன், ஓய்வு நேரத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவன். ஆனாலும் ஒரு புது ஆராய்ச்சி பத்திரிகை வழியாக வீட்டுக்குள் வரும்போது சாதாரண சனங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று யோசிக்க, இதைவிட நல்ல வரலாறு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கட்டுரை சொன்னது இதுதான். 12 பிள்ளைகளுக்குக் குடலில் அசாதாரண மாற்றங்கள் காணப்பட்டன. வளர்ச்சியிலும் பின்னடைவு இருந்தது, பெரும்பாலானோருக்கு அது ஓட்டிசம் என்று குறிக்கப்பட்டது. அவர்களில் 8 பேரின் விடயத்தில், எம்எம்ஆர் ஊசி போட்ட பிறகுதான் மாற்றம் தொடங்கியது எனப் பெற்றோரோ குடும்ப வைத்தியரோ கூறியிருந்தார்கள். ஊசிக்கும் இந்த நிலைக்கும் தொடர்பு உண்டென்று தாங்கள் நிறுவவில்லை என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தது. ஆனால் கூட்டத்தில் முதன்மை ஆசிரியரான அன்ட்ரூ வேக்ஃபீல்ட் ஒரு படி மேலே போனார். கேள்விகள் தீரும்வரை மூன்று நோய்க்கும் தனித்தனி ஊசிகளாகப் போடுவதே நல்லது என்றார். கட்டுரையை வாசித்தவர்கள் சிலர். அவர் சொன்னதைக் கேட்டவர்கள் நாடு முழுக்க.

கணக்கு அலுவலகத்தில் இப்படி ஒரு கோப்பு வந்தால் நான் முதலில் தேடுவது பகுதியெண்ணை. தொகுதியெண் 8 என்றால், எத்தனையில் 8? ஊசி போடாத பிள்ளைகள் எங்கே? முதல் ஊசி அன்று 12 முதல் 15 மாத வயதில் போடப்பட்டது. ஓட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் இரண்டாவது வயதில்தான். 1990களின் நடுப்பகுதியில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 92 பேர் இந்த ஊசியைப் பெற்றார்கள். அப்படியானால் ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் எள்ளளவு சம்பந்தம் இல்லாவிட்டாலும், ஓட்டிசம் உள்ள 100 பிள்ளைகளை எடுத்தால் அவர்களில் 92 பேரளவில் ஊசி போட்டவர்களாகவே இருப்பார்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று ஊரில் சொல்வோமே, அதுதான். ஆனால் விழுந்தது தன் வீட்டு முற்றத்தில் என்றால் காகத்தைப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்?

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெற்றோர் பயந்தது அறிவில்லாமையால் அல்ல. 2001 டிசம்பரில் பிரதமர் ரொனி பிளேயர், தன் கைக்குழந்தைக்கு அந்த ஊசி போட்டாயிற்றா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார். அது குடும்ப விடயம் என்றார். அந்த மௌனத்தைச் சனங்கள் தங்கள் பாட்டுக்கு வாசித்தார்கள். 2002இல் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் நாள்தோறும் இதைப் பேசின. ஒரு பக்கம் ஒரு வைத்தியர், மறு பக்கம் ஒரு தாய். இருவருக்கும் சரிபாதி நேரம். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வருடம் பொதுமக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் சம இடம் கொடுக்கப்பட்டதால், இரண்டு பக்கத்திலும் சம அளவு சான்று இருப்பதாகவே 53 வீதமானோர் எண்ணியிருந்தார்கள். சான்றுகளில் மிகப் பெரும்பாலானவை தடுப்பூசியின் பக்கமே என்று அறிந்திருந்தவர்கள் 23 வீதம் மட்டுமே. வானொலியில் இருப்பவன் என்ற முறையில் அந்த இரண்டு எண்களும் என்னைச் சுடுகின்றன. நடுநிலை என்று நினைத்து நாங்கள் செய்வது சில வேளைகளில் தராசில் கல் வைப்பதாகி விடுகிறது.

அதே காலத்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரைற்றன் நகரில் தாய்மாருடன் உட்கார்ந்து பேசினார்கள். தாய்மாரின் பேச்சில் வீதக்கணக்கு அதிகம் இருக்கவில்லை. தங்கள் பிள்ளையின் பிறப்பு, அதற்கு வந்த ஒவ்வாமை, குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்பவைதான் இருந்தன. சுகாதாரத் திணைக்களம் எல்லாப் பிள்ளைகளையும் பற்றிப் பேசியது. தாய் கேட்டதோ தன் ஒரு பிள்ளையைப் பற்றி. இரண்டும் வேறு கேள்விகள். ஒன்றுக்கான விடையை மற்றதற்குக் கொடுத்தால் எந்தத் தாயும் சமாதானமாக மாட்டாள்.

எங்கள் ஆட்களிடம் இன்னொன்றும் இருந்தது. எங்கள் தலைமுறை ஊரில் சின்னமுத்தைக் கண்டது. வாசலில் வேப்பிலை, இருட்டு அறை, பிள்ளையின் நெருப்புக் காய்ச்சல் எல்லாம் எங்களுக்கு நினைவிருந்தது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பெயர் மட்டுமே. ஓட்டிசமோ கண்ணுக்கு முன்னால் நின்றது, அதுவும் வெளியில் சொல்லப்படாமல். 2003 அளவில், வருமான வரிப் படிவத்துக்காகப் பற்றுச்சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்த ஒரு தாய், கணக்கெல்லாம் முடிந்த பிறகு மெல்லக் கேட்டார்: "அண்ணை, நான்தானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டனான். அப்ப என்னாலதானே?" ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று ஒரு தாயின் நெஞ்சில் எந்த வடிவத்தில் போய் இறங்கும் என்பது எனக்கு அன்று விளங்கியது.

அவருடைய கேள்விக்கு அப்போதே விடை வந்திருந்தது. டென்மார்க்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேசியப் பதிவு உண்டு. 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2002 நவம்பரில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 4,40,655 பேர் எம்எம்ஆர் பெற்றவர்கள். மீதி 96,648 பேர் பெறாதவர்கள். இதோ பகுதியெண்! பெற்றவர்களிடையே ஓட்டிசம் கூடவில்லை. யப்பான் 1993இல் வேறொரு காரணத்துக்காக எம்எம்ஆர் ஊசியை நிறுத்தியிருந்தது. அங்கே யோகோஹாமா நகரில் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஊசி நின்ற பிறகும் ஓட்டிசம் என்று இனங்காணப்படும் பிள்ளைகளின் தொகை கூடிக்கொண்டே போயிருந்தது.

இனிக் காசுக் கதை. 2004 பெப்ரவரியில் சண்டே ரைம்ஸ் பத்திரிகையில் பிரையன் டியர் என்ற செய்தியாளர், தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்குத் தொடர முயன்ற சட்டத்தரணி ஒருவர் மூலம் வேக்ஃபீல்டுக்குச் சட்ட உதவி நிதியிலிருந்து பணம் சென்றதை எழுதினார். முழுத் தொகை 4 இலட்சம் பவுணுக்கு மேல் என்பது பின்னர் தெரியவந்தது. சின்னமுத்துக்கான தனித் தடுப்பூசி ஒன்றுக்கு 1997இலேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பமும் போயிருந்தது. இவை எதையும் கட்டுரையின் வாசகர்களுக்குச் சொல்லவில்லை. எந்தக் கணக்காய்வாளரும் ஐந்தொகையைப் பார்க்குமுன் கேட்கும் கேள்வி, இதில் யாருக்கு என்ன பற்று என்பதுதான். 2004 மார்ச்சில் கூட்டாசிரியர் 12 பேரில் 10 பேர் கட்டுரையின் விளக்கத்தை மீளப்பெற்றார்கள். 2010 பெப்ரவரியில் லான்செற் முழுக் கட்டுரையையும் மீளப்பெற்றது. மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. தான் தவறு செய்யவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு.

ஒரு பத்திரிகைச் செய்தி மறுநாள் வருகிறது. அதன் திருத்தத்துக்குப் பன்னிரண்டு வருடங்கள் சென்றன. இதற்கிடையில் இங்கிலாந்தில் ஊசி பெறுவோர் தொகை 2003-04இல் 80 வீதமளவுக்கு இறங்கியது, லண்டனில் அதற்கும் கீழே. அன்று தவறவிடப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். 2012-13இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி பகுதியில் 1,200க்கு மேற்பட்டோருக்குச் சின்னமுத்து என அறிவிக்கப்பட்டது.

இக்கதை அமெரிக்காவிலும் தொடர்ந்தது. அங்கே அது போய்ச் சேர்ந்த இடம், எங்களைப்போல யுத்தத்தால் துரத்தப்பட்ட ஒரு சமூகம்.

1991இல் சோமாலியாவில் அரசு வீழ்ந்து உள்நாட்டு யுத்தம் மூண்ட பிறகு, பெருந்தொகையான சோமாலியர் அகதிகளாக மினசோட்டா மாநிலத்தில் குடியேறினார்கள். 2008 அளவில் மினியாபொலிஸ் நகரத்துச் சோமாலித் தாய்மார் ஒன்றைக் கவனித்தார்கள். ஓட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்கான பாலர் வகுப்புகளில் தங்கள் பிள்ளைகள் தங்கள் சனத்தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தார்கள். ஊரில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை, எங்கள் மொழியில் இதற்குச் சொல்லே இல்லை என்றார்கள். (எங்கள் மொழியில் மட்டும் என்ன? ஓட்டிசம் என்றுதான் நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.) அவர்கள் கவனித்தது சரி. மாநில சுகாதாரத் திணைக்களம் 2009இல் வெளியிட்ட அறிக்கையும் அந்த வகுப்புகளில் சோமாலிப் பிள்ளைகளின் பங்கு கூடுதல் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் வகுப்பில் இருப்போரின் தொகை வேறு, ஊரில் உள்ளோரின் தொகை வேறு. ஏன் என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் விடை இருக்கவில்லை.

விடை இல்லாத வீட்டுக்கு விடையோடு வருபவர் விருந்தாளி. 2010இலும் 2011இலும் வேக்ஃபீல்ட் மினியாபொலிஸ் சென்று சோமாலிப் பெற்றோரைச் சந்தித்தார். அதே 2011இல், கென்யாவுக்குப் போய்த் திரும்பிய ஊசி போடாத ஒரு பிள்ளையிலிருந்து பரவி 21 பேருக்குச் சின்னமுத்து வந்தது.

அந்தத் தாய்மாரின் கேள்விக்கு முறையான பதில் 2013 டிசம்பரில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நகரத்தில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பதிவுகளை எண்ணிப் பார்த்ததில், சோமாலிப் பிள்ளைகளில் 32 பேருக்கு ஒருவர், வெள்ளையினப் பிள்ளைகளில் 36 பேருக்கு ஒருவர். புள்ளிவிபரப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் இன்னொன்று தெரிந்தது. ஓட்டிசம் என்று இனங்காணப்பட்ட சோமாலிப் பிள்ளைகளுக்கு அறிவாற்றல் குறைபாடும் சேர்ந்தே இருந்தது. மற்ற இனத்துப் பிள்ளைகளில் அப்படியானோர் ஒரு பகுதியினர் மட்டுமே. தாய்மார் கண்டது வெறும் பிரமை அல்ல. தங்கள் பிள்ளைகளின் நிலை கடுமையானது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எண்ணிச் சொல்ல ஐந்து வருடங்கள் எடுத்தன.

அந்த இடைவெளியின் விலையும் எண்ணில் இருக்கிறது. மினசோட்டாவில் பிறந்த சோமாலிக் குழந்தைகளில் எம்எம்ஆர் பெற்றவர்கள் 2004இல் 92 வீதம். அந்த மாநிலத்தில் ஆகக்கூடுதலாக ஊசி போட்டுக்கொண்டவர்களில் அவர்களும் ஒருவராக இருந்தார்கள். 2014இல் அது 42 வீதம். 2017 ஏப்ரலில் மீண்டும் சின்னமுத்து தொடங்கியது. 75 பேருக்கு வந்தது. பெரும்பாலானோர் ஊசி போடாத சோமாலிப் பிள்ளைகள். இம்முறை சுகாதாரத் திணைக்களம் துண்டுப்பிரசுரத்தோடு நிற்கவில்லை. சோமாலி பேசும் சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்கும் பாலர் பராமரிப்பு நிலையங்களுக்கும் போனார்கள். பள்ளிவாசல்களில் இமாம்கள் பேசினார்கள். ஓட்டிசத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு முதலில் ஓட்டிசத்தைப் பற்றியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஊசிப் பேச்சு அதற்குப் பிறகுதான். ஓகஸ்ட் மாதக் கடைசியில் பரவல் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். உயிரிழப்பு எதுவும் இருக்கவில்லை.