மதுரைச் சமவெளியில் பறவைக் குறிப்புகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஓரிடத்தில் ஒரு பறவை காணப்பட்டது என்னும் செய்தி எப்பொழுது வரலாற்றுச் சான்றாகின்றது? கல்வெட்டின் மைப்படி ஒன்று கிடைத்து, அது எவ்வூர்ப் பாறையினின்று எடுக்கப்பட்டது என்பது தெரியாவிடின், அதன் பயன் பெரிதும் குன்றும். பறவைக் குறிப்பும் அத்தகையதே. கண்ட இடம், கண்ட நாள், கண்டவர் என்னும் மூன்றும் அமைந்தவிடத்தே அது சான்றாகும். இம்மூன்றும் மதுரை வட்டாரத்துக் குறிப்புகளில் படிப்படியாக அமைந்தவாற்றையும், அதனால் விளைந்த பயனையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியம் புள்ளைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. சங்கச் சான்றோர் அன்றில், மகன்றில், குறும்பூழ், நாரை முதலியவற்றை நுணுகி நோக்கிப் பாடினர். ஆயின், அவர்தம் குறிப்புகள் நிலத்தின் இயல்பைச் சுட்டுவனவேயன்றி, இன்ன ஊர், இன்ன நாள் என்று வரையறுப்பன அல்ல. செய்யுளுக்கு அது குறையன்று. எனினும், அன்றில் எப்பறவை என்பதில் அறிஞர்கள் இன்றளவும் கருத்து வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். பி. எல். சாமி சங்க இலக்கியப் புள்ளினங்களை அறிவியல் முறையில் இனங்காண முயன்றமை ஈண்டு நன்றியுடன் நினைத்தற்குரியது.

சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், தென்னாட்டுப் பறவைகளின் பட்டியலை 1839ஆம் ஆண்டு முதல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பல பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர்களையும் தருகின்றது. 1872இல் ஹியூம் தொடங்கிய பறவையியல் இதழோ நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அன்பர்கள் எழுதிய குறிப்புகளை ஓரிடத்தில் தொகுத்தது. இவரே பின்னர்க் காங்கிரசு மகாசபை தோன்றுதற்கு முன்னின்றவர். அக்காலத்தில் சான்று எனப்பட்டது பெரும்பாலும் சுட்டு வீழ்த்திப் பதப்படுத்திய பறவையின் தோலே.

மதுரை மாவட்டப் பறவைகளைப் பற்றி நிக்கல்சு எழுதிய தொடர் கட்டுரை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1940களில் வெளிவந்தது. அதனைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறத்தலாகாது. அந்நாளைய மதுரை மாவட்டம் கோடைக்கானல் மலையையும் உள்ளடக்கியது. 1985இல் திண்டுக்கல்லும், 1996இல் தேனியும் தனி மாவட்டங்களாயின. ஆதலின், அவர் கண்ட மலைப்பறவை ஒன்று இன்றைய மதுரைப் பட்டியலில் இல்லையெனின், அஃது அழிந்தது என்று துணிதல் பிழையாகும். அழிந்தது பறவையா, மாறியது எல்லையா என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

1941இல் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலும், 1960இல் சஃபர் ஃபத்தேஅலி தொடங்கிய பறவை நோக்குவோர் மடலும் இத்துறையைப் பொதுமக்களுக்கு உரியதாக்கின. நாவலாசிரியர் மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) எழுத்தோடு ஒளிப்படத்தையும் இணைத்தார். துப்பாக்கி இருந்த இடத்தில் ஒளிப்படக் கருவி அமர்ந்தது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நிகழ்ந்து வருகின்றது. இவ்வாறு பலர் அளித்த குறிப்புகளால் உருவானதே 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை. ஏறத்தாழ 30,000 பேர் அளித்த 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு அது 942 இனங்களின் நிலையை மதிப்பிட்டது.

இதன் பயன் மதுரைக்கு அண்மையிலேயே காணக் கிடக்கின்றது. மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டி, தமிழிக் கல்வெட்டாலும் முற்காலப் பாண்டியர் குடைவரையாலும் தமிழாய்வாளர் நன்கறிந்த ஊர். அதன் குன்றுகளிலும் கண்மாய்களிலும் சுமார் 250 பறவையினங்கள் குறிக்கப்பட்டுள்ளன. லகர் வல்லூறு, சாகின் வல்லூறு, பொனெல்லிக் கழுகு என்னும் மூன்று வேட்டைப்பறவைகள் அவற்றுள் சிறந்தன. வல்லூறுகள் இரண்டும் விரைந்து பறக்குங்கால் கண்ணை மயக்குவன. கரிய தலையும் செம்மை தோய்ந்த அடிப்பகுதியும் சாகினைக் காட்டும். லகரின் நிறம் மங்கிய பழுப்பு. ஒளிப்படம் இவ்வேறுபாட்டை ஐயமறக் காட்டவல்லது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 193 எக்டேர் நிலம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் இத்தலத்தையும் உள்ளடக்கிய பெரும்பரப்பில் டங்சுடன் சுரங்கம் அமைப்பதற்கான ஏலம் முடிவாயிற்று. உழவரும் ஊராரும் எதிர்த்தனர். சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 23இல் ஒன்றிய அரசு அவ்வேலத்தை நீக்கியது. பல்லுயிர்த் தலமும் பண்பாட்டுச் சின்னங்களும் அங்கிருத்தல் அம்முடிவில் கருதப்பட்டது. மக்களின் போராட்டமே இவ்வெற்றிக்கு முதற்காரணம். எனினும், கல்வெட்டும் பறவைக் குறிப்பும் ஒருங்கே அவர்கள் பக்கம் சான்று கூறின என்பது மறுக்கவியலாதது.

இவற்றினின்று தமிழாய்வாளர்க்கு இரு கடமைகள் பெறப்படுகின்றன. ஒன்று, கண்மாய்க்கரை மக்கள் வழங்கும் பறவைப் பெயர்களை, ஊரும் நாளும் ஒளிப்படமும் சேர்த்துத் தொகுத்தல். பெயரைச் சொல்லுவோர் மறையின் அப்பெயரும் மறையும். மற்றொன்று, கூடு கட்டும் பாறையிடுக்கைப் பலரறிய வெளியிடாது காத்தல். குறிப்பைப் பகிர்தல் பறவைக்கு அரணாதல் வேண்டும். அதுவே அதற்குப் பகையாதல் கூடாது.