தோட்டா முறைக்கு மாற்றப்பட்ட கோல்ட் ரிவால்வர்

வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியே இட்டுச் சுடும் பழைய கைத்துப்பாக்கியை, உலோகத் தோட்டா போட்டுச் சுடும்படி திருத்திய வடிவம் இது. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபர்டிலுள்ள கோல்ட் ஆலை 1860களின் இறுதியிலும் 1870களிலும் இவற்றைச் செய்தது. மாற்றப்பட்டவை ஆயிரக்கணக்கில் இருந்தாலும், கையால் செதுக்கு வேலை செய்யப்பட்டவை அரியவை.

அமைப்பும் மாற்றமும்

பழைய ரிவால்வரின் உருளையில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் முன்பக்கம் திறந்தும் பின்பக்கம் அடைபட்டும் இருக்கும். மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் கெட்டித்து, பின்னாலுள்ள முளையில், தட்டினால் தீப்பொறி தரும் கேப்பைச் செருக வேண்டும். ஆறு அறைக்கும் இதே வேலை. ஈரம் பட்டால் மருந்து நமுத்துவிடும்.

மாற்றும்போது உருளையின் பின்பகுதி அறுத்தெடுக்கப்பட்டு, அறைகள் இருபுறமும் திறந்த துளைகளாயின. அறுத்த இடத்தில் ஓர் எஃகு வளையம் பொருத்தப்பட்டது. அதன் வலப்பக்கத்தில் தோட்டா போடுவதற்குச் சிறு கதவு வைத்தார்கள். நெம்புகோல் இருந்த இடத்துக்கு, சுட்ட கூட்டை வெளியே தள்ளும் கம்பி வந்தது.

காப்புரிமைத் தடை

இந்த மாற்றம் தாமதமானதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, காப்புரிமை. முழுக்கத் துளைத்த உருளைக்கான உரிமையை ரோலின் ஒயிட் 1855 ஏப்ரல் 3 அன்று பெற்றார். ஸ்மித் அண்டு வெசன் நிறுவனம் ரிவால்வர் ஒன்றுக்கு 25 சென்ட் தருவதாக அவரோடு ஒப்பந்தம் செய்து, 1857இல் தன் முதல் தோட்டா ரிவால்வரை வெளியிட்டது. காப்புரிமையைக் காக்கும் வழக்குச் செலவு ஒயிட்டின் தலையில் விழுந்தது. உரிமை 1869இல் காலாவதியானது. அவருக்குச் சலுகை தரும் மசோதாவை 1870இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் நிராகரித்தார்.

வகைகள்

தூவர் முறை (1868): ஒயிட்டின் உரிமையில் சிக்காமல் இருக்க, பின்புறம் ஒடுங்கிய தோட்டாவை முன்பக்கமிருந்தே இடும் ஏற்பாடு. வரவேற்புப் பெறவில்லை.

ரிச்சர்ட்ஸ் முறை (1871): 1860ஆம் ஆண்டு ‘ஆர்மி’ மாதிரியை .44 தோட்டாவுக்கு மாற்றியது. தோட்டாவைத் தட்டும் ஊசி பின் வளையத்திலேயே இருக்கும். இவ்வகையில் சுமார் 9,000 உருவாயின.

ரிச்சர்ட்ஸ்–மேசன் முறை (1872): ஊசியைச் சுத்தியலோடு சேர்த்து அமைப்பை எளிதாக்கியது.

1873இல் தோட்டாவுக்கென்றே வடிவமைத்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ வந்தது. அதன் பிறகும் கையிருப்பிலிருந்த பழைய பாகங்கள் தீரும்வரை மாற்று ரிவால்வர்கள் விற்பனையில் இருந்தன.

செதுக்கு வேலை

இரண்டு வகை வேலைகளைப் பிரித்தறிய வேண்டும். உருளையில் காணப்படும் கப்பற்போர்க் காட்சி அச்சுருளையால் அழுத்திப் பதித்தது. 1843 மே 16இல் டெக்சஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதிய காம்பிச்சே போரை அது காட்டுகிறது. வங்கி நோட்டுகளுக்கு அச்சு செதுக்கிய வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி அதை வடித்தார். இது சாதாரண ரிவால்வரிலும் இருக்கும்.

கொடியும் இலைச்சுருளுமாகச் சட்டகத்திலும் குழலிலும் உளியால் வெட்டிய வேலைதான் அரிது. ஜெர்மனியில் பிறந்த குஸ்டாவ் யங் 1850களிலும் 60களிலும் கோல்டுக்காக இதைச் செய்தார். பின்னர் கூனோ ஹெல்ஃப்ரிக்ட் அப்பொறுப்பை ஏற்றார்.

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் தெரியும். பழைய உளிக்கோட்டின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும். ஏற்கெனவே விழுந்த நசுங்கலுக்குள்ளும் கோடு இறங்கி ஓடினால், அது விலையேற்றுவதற்காகப் பின்னால் வெட்டியது. சட்டகம், குழல், உருளை மூன்றிலும் வரிசை எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதும் முக்கியம்.

இந்தியத் தொடர்பு

இதே மாற்றம் நீள்துப்பாக்கியிலும் நடந்தது. 1857 கிளர்ச்சியோடு பேசப்படும் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா, என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது. சிப்பாய் அதைப் பல்லால் கடித்துப் பிரித்து, மருந்தைக் குழலின் வாய் வழியே கொட்ட வேண்டும். 1866இல் பிரிட்டன் அதே என்ஃபீல்டின் பின்பக்கத்தை அறுத்து, மூடித் திறக்கும் கட்டையைப் பொருத்தி, ஸ்னைடர் துப்பாக்கி ஆக்கியது. கடிக்கும் வேலை அதோடு ஒழிந்தது.

சட்ட நிலை

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கருதி விலக்களிக்கிறது. இந்தியாவில் வயது மட்டும் போதாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கே விலக்குத் தருகிறது. ஆகவே ஒரு வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ரிவால்வர் கிடைத்து, அது சுடக்கூடியதாக இருந்தால், உரிமம் வேண்டும். இல்லையேல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.