உடைந்த அணையும் கிட்ஹப் கணக்கும்



அம்பாங் பெச்சா என்றால் மலாயில் ‘உடைந்த அணை’ என்று பொருள். 1883இல் அணை உடைந்து பழைய கோல குபுவில் வெள்ளம் புகுந்தது. பிறகும் வெள்ளத் தொல்லை ஓயவில்லை. 1930 வாக்கில் மேட்டு நிலத்தில் கோல குபு பாரு எழுந்தது. ஊர்ப் பெயரிலேயே வரலாறு இருக்கிறது, இல்லையா?

கணினி நிரல்களுக்கும் இப்படி இடம்பெயர்ந்த வரலாறு உண்டு. பலர் சேர்ந்து எழுதும் நிரலை, யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவோடு இணையத்தில் சேமிக்கும் இடத்தை நிரல் களஞ்சியம் என்கிறோம். 1999இல் சோர்ஸ்ஃபோர்ஜ் வந்தது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்ற கருவியை உருவாக்கினார். 2006இல் கூகுள் கோட், 2008இல் கிட்ஹப் வந்தன.

கூகுள் எவ்வளவு பெரிய நிறுவனம்! அதன் களஞ்சியம் மூடப்படும் என்று யார் நினைத்திருப்பார்கள்? 2015 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. 2016 ஜனவரியில் சேவை நின்றது. உரிய நேரத்தில் மாறியவர்கள் தங்கள் நிரலோடு வேறிடம் போய்ச் சேர்ந்தார்கள். 2018இல் கிட்ஹப்பும் கைமாறியது. மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. தோட்டம் கைமாறியபோது குடியிருப்பைக் காலி செய்த குடும்பங்களை நம் வட சிலாங்கூரில் பார்த்திருக்கிறோம். வீடு கம்பெனியுடையது, பாத்திரம் பண்டம் மட்டும்தான் நம்முடையது.

தமிழுக்கு இதில் என்ன? தமிழ் எழுத்துகளைக் கணினியில் கையாள உதவும் ‘ஓப்பன் தமிழ்’ நிரல் தொகுப்பு கிட்ஹப்பில்தான் இருக்கிறது. அது ஒரு தனிமனிதர் கணக்கில் இல்லை. எழில் மொழி அறக்கட்டளை என்ற அமைப்புக் கணக்கில் இருக்கிறது. ஒருவர் விலகினாலும் வேலை நிற்காது. அதுதான் விஷயம்.

இதன் அருமை எனக்குப் பட்டபின்தான் தெரிந்தது. ஒரு பள்ளியில் மாணவர்கள் இலக்கணப் புதிர் நிரல் ஒன்றை எழுதினார்கள். எல்லாம் ஓர் ஆசிரியரின் கணக்கில் இருந்தது. அவர் மாற்றலாகிப் போனார். கணக்கின் மின்னஞ்சலும் முடங்கியது. பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு போயே போச்சு. எங்களில் ஒருவரிடமும் நகல் இல்லை.

நீங்கள் தொடங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. கணக்கு தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். நீண்ட நாள் உங்களிடமே இருக்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள்.

2. 2021 ஆகஸ்டு முதல் வெறும் கடவுச்சொல்லை வைத்துக் கிட் வழியாக நிரலை ஏற்ற முடியாது. 2023 முதல் நிரல் பங்களிப்போருக்கு இரட்டைச் சரிபார்ப்பு படிப்படியாகக் கட்டாயமானது. மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசி தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும்.

3. பள்ளி வேலைக்கு அமைப்புக் கணக்கு தொடங்கி, குறைந்தது இருவரை உரிமையாளர் ஆக்குங்கள். மாற்றலாகிப் போகுமுன் பொறுப்பை ஒப்படையுங்கள்.

4. முழு நகல் ஒன்றை உங்கள் கணினியிலும் வைத்திருங்கள். ‘கிட்’ நகலில் பழைய மாற்றங்களின் பதிவும் சேர்ந்தே வரும்.

மாணவர்களே, ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாற்றத்திலும் யார் இழந்தார், யார் தப்பினார், ஏன் என்று கேளுங்கள். வரலாற்றுத் தாளிலும் அந்த ‘ஏன்’ உங்களுக்கு உதவும்.

இன்றே உங்கள் பள்ளிக் கணக்கைத் திறந்து பாருங்கள். சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?