உடுப்பும் வேடமும்: ஆஹென் நகரத்துக் கார்னிவலில் நம் பிள்ளைகள்

ஆண்டுதோறும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் ஆஹென் நகரத்துச் சிறுவர் பாடசாலைகளிலிருந்து பெற்றோருக்கு ஒரு சிறு கடிதம் வருவதுண்டு. திருநீற்றுப் புதனுக்கு முந்திய வியாழக்கிழமை பிள்ளைகள் வேடமிட்டு வரலாம் என்பதே அதன் செய்தி. இந்நகரத்தார் அந்நாளை ‘ஃபெற்டொனர்ஸ்ராக்’ என்பர். ‘கொழுப்பு வியாழன்’ என்பது பொருள். சில பாடசாலைகள் சர்க்கஸ், கடல், கட்டுக்கதை மாந்தர் என்று ஒரு பொருளையும் குறித்துக் கொடுக்கும். அன்றிரவே நம்மவர் வீடுகளில் ஆலோசனை தொடங்கிவிடும். கடையில் வாங்குவதா, வீட்டில் தைப்பதா? இரண்டிற்கும் நேரமில்லாத வீட்டில் ஒரு சுலபமான முடிவும் எட்டப்படும்: “தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடை சட்டை இருக்கிறதே, அதையே உடுத்தி அனுப்பினால் என்ன?”

இந்தக் கேள்வி சிறியதாகத் தோன்றினும், இதற்கு விடை காண இந்நகரத்தின் வரலாற்றையும் நம் மரபையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆஹென் உடையின் அருமை அறிந்த ஊராகும். நெடுங்காலம் கம்பளித் துணிக்கும் ஊசிக்கும் பேர்போன தொழில் நகரம் இது. சார்லமேன் பேரரசர் கட்டிய தேவாலயத்தில் நான்கு பழந்துணிகள் பேழையில் வைத்துப் போற்றப்படுகின்றன. மரியாளின் ஆடை, குழந்தை இயேசுவைச் சுற்றிய துணி, சிலுவையில் அவர் அரையில் கட்டியிருந்த துணி, யோவானின் தலையைப் பொதிந்த துணி என்று கத்தோலிக்கர் அவற்றை நம்பி வழிபடுகின்றனர். 1349 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை வெளியே எடுத்துக் காட்டப்படும். 2021 இல் நடக்கவேண்டிய யாத்திரை பெருந்தொற்றினால் 2023 இல் நடைபெற்றது. ஒரு துணியை யார் உடுத்தினார், எதற்காக உடுத்தினார் என்பதே அதற்கு மதிப்பைத் தருகிறது என்பதை இவ்வூரார்க்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இனிக் கார்னிவலுக்கு வருவோம். கிறிஸ்தவர்களின் 40 நாள் நோன்பு திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அதற்கு முன் உண்டு, ஆடி, சிரித்து மகிழும் நாட்களே கார்னிவல். ஆகவே இது ஆலயத்துக்குள் நடக்கும் சடங்கன்று. நோன்புக்கு முந்திய வீதிக் கொண்டாட்டம். இந்துப் பிள்ளைகள் இதில் கலந்துகொள்வதால் சமயத்துக்கு இழுக்கு நேருமோ என்று அஞ்சும் பெற்றோர் இதனை மனத்திற்கொள்ளலாம்.

இன்று காணும் கார்னிவல் 19 ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. ரைன் நதிப் பிரதேசத்தை 1794 இல் பிரெஞ்சுப் படைகள் கைப்பற்றின. 1815 இல் அது பிரஷ்ய அரசின் கைக்கு மாறியது. 1823 இல் கொலோன் நகரத்தார் கார்னிவலைப் புதிதாக ஒழுங்குபடுத்தினர். ஆஹெனில் 1829 இல் ‘ஃப்ளொரெசை’ என்ற சங்கம் தோன்றியது. 1857 இல் ‘ஊஹர் பென்’ என்ற விளையாட்டுக் காவற்படையும், 1859 இல் ஆஹென் கார்னிவல் சங்கமும் எழுந்தன. பளபளக்கும் இராணுவ உடுப்பும் தொப்பியும் மரத் துப்பாக்கியும் தரித்து இத்தகைய படைகள் அணிவகுப்பதைப் பார்த்து, இது இராணுவப் பற்று என்று நினைப்போர் உண்டு. உண்மை வேறு. ஆள வந்த படைகளின் மிடுக்கைப் பார்த்துக் குடிமக்கள் சிரித்த சிரிப்பே அந்த உடுப்பு. அதிகாரம் படைத்தவனை எளியவன் கேலி செய்ய ஆண்டில் சில நாட்கள் கிடைத்தன. அதற்கு வேடம் துணை நின்றது.

அந்த உணர்வு பின்னரும் மறையவில்லை. 1950 இல் ஆஹென் சங்கம் ஒரு விருதை ஏற்படுத்தியது. ‘சிரிக்கத் தெரியாத கடுமைக்கு எதிரான விருது’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். முதல் விருது பெற்றவர் ஜேம்ஸ் டக்டேல் என்ற பிரித்தானிய அரச வழக்கறிஞர். சிறையிலிருந்த ஒருவரைக் கார்னிவல் நாட்களுக்கு வெளியே விட்டார் என்பதற்காகவே அவருக்கு இச்சிறப்பு. 1959 இல் ஜேர்மன் அதிபர் கொன்றாட் அடினாவரும் இதனைப் பெற்றார். பிள்ளைகளுக்கென்று தனி இளவரசனும் உண்டு; அவனை ‘மேர்ஹென்பிரின்ஸ்’, அதாவது கதை இளவரசன் என்பர். ஞாயிற்றுக்கிழமை சிறுவர் வேட ஊர்வலமும் நடைபெறும்.

ஆனால் சிரிப்பு எப்பொழுதும் வலியவனை நோக்கியே சென்றதில்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டாகிய 1934 இல், கொலோன் ஊர்வலத்தில் ஒரு வண்டி வந்தது. அதில் யூதர்களைப் போல வேடமிட்டவர்கள், ‘கடைசி ஆட்களும் புறப்படுகிறார்கள்’ என்ற வாசகத்துடன் நின்றனர். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த மக்களுக்கு நேர்ந்த கொடுமையை உலகம் அறியும். ஆற்றலற்ற ஒரு மக்கட் கூட்டத்தின் உடையை மற்றவர்கள் விளையாட்டாக்கும்போது, அவ்விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதற்கு இது சாட்சி.

நம்மவர் உடையும் இந்நாட்டில் வேடிக்கைப் பொருளாக இருந்த காலம் உண்டு. ஹம்பர்க் நகரத்து மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1874 முதல் பிற நாட்டு மக்களை அழைத்து வந்து காட்சிக்கு வைக்கத் தொடங்கினார். 1880களில் இலங்கையிலிருந்தும் மனிதர்கள் யானைகளோடு கொண்டுவரப்பட்டு, கட்டணம் செலுத்திய கூட்டத்தின் முன் தங்கள் சொந்த உடையிலே நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கு அது அன்றாட உடுப்பு. பார்க்க வந்தவர்களுக்கோ அது விநோதம்.

ஜேர்மன் மொழியில் ‘இண்டர்’ என்றால் இந்தியாவைச் சேர்ந்தவர். ‘இண்டியானர்’ என்றால் அமெரிக்கப் பழங்குடியினர். கார்ல் மே எழுதி 1893 இல் வந்த ‘வின்னெற்று’ கதையின் செல்வாக்கால், தலையில் இறகு சூடிய ‘இண்டியானர்’ வேடம் ஜேர்மன் சிறுவர்க்கு மிகப் பிடித்தமாயிற்று. மே அக்கதையை எழுதியபோது அமெரிக்க மண்ணையே மிதித்ததில்லை; 1908 இல்தான் அங்கே சென்றார். 2019 இல் ஹம்பர்க்கில் ஒரு பாலர் நிலையம் இத்தகைய வேடங்களைத் தவிர்க்கும்படி பெற்றோரைக் கேட்டபோது நாடெங்கும் வாதம் எழுந்தது. சிறுவர் விளையாட்டில் இவ்வளவு ஆராய்ச்சி ஏன் என்று ஒரு சாரார் கேட்டனர். ஒரு மக்களின் உடை இன்னொருவர்க்கு வேடமாகலாமா என்று மறு சாரார் கேட்டனர்.

ஆஹெனிலேயே இதற்கு ஓர் அமைதியான விடை கிடைத்திருக்கிறது. 1846 இல் அவுகுஸ்ற்ற ஃபொன் சர்ற்றோரியுஸ் என்ற இளம்பெண் தொடங்கிய கத்தோலிக்கச் சிறுவர் உதவி நிறுவனம் இந்நகரத்திலேயே இயங்குகிறது. 1959 முதல், தை மாதத் தொடக்கத்தில் பிள்ளைகள் மூன்று அரசர்களாக வேடமிட்டு வீடு வீடாகச் சென்று, பாடி, ஏழைச் சிறுவர்க்கு நிதி திரட்டுகின்றனர். இதுவரை திரண்டது 100 கோடி யூரோவுக்கும் மேல். 2018 இல் இந்தியாவில் சிறுவர் உழைப்பை ஒழிப்பதே அவர்கள் முன்வைத்த நோக்கம். முன்னாளில் மூவரில் ஒரு பிள்ளைக்கு முகத்தில் கறுப்புப் பூசுவது வழக்கம். பிள்ளைகள் தத்தம் முகத்தோடேயே செல்லட்டும் என்று அந்நிறுவனம் இப்பொழுது அறிவுறுத்துகிறது. முடியும் அங்கியும் வேடம். முகத்தின் நிறம் வேடமன்று.

நம் மரபும் இதனை நன்கறியும். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவின்போது, நேர்த்தி வைத்தவர்கள் விரதமிருந்து காப்புக் கட்டி, காளி, அரசன், குரங்கு, குறவன், பிச்சைக்காரன் என்று பல வேடம் பூணுவர். சிறுவர்களும் இதில் அடங்குவர். அவர்கள் ஊரூராகச் சென்று காணிக்கை பெற்று அம்மனிடம் சேர்ப்பர். வீட்டில் செல்வனாக இருப்பவனும் அந்நாட்களில் கையேந்தி நிற்பான். அங்கே வேடம் பிறரைத் தாழ்த்துவதற்காக அன்று. தன் செருக்கைத் தாழ்த்துவதற்காக. ஈழத்துப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் ‘வினோத உடை’யும், தமிழகத்துப் பாடசாலைகளில் ‘மாறுவேடப் போட்டி’யும் பிள்ளைகள் விரும்பும் நிகழ்ச்சிகளாகும். காந்தியடிகள் 1921 செப்டெம்பர் 22 இல் மதுரையில் அரையாடைக்கு மாறினார். அவருக்கு அது உடுப்பு. அவரைப் போலத் தடியூன்றி மேடையேறும் சிறுவனுக்கு அதே துணி வேடம். அணிபவர் யார், மாலையில் அதைக் கழற்றி வைப்பாரா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இப்பொழுது பட்டுப் பாவாடைக்கு வருவோம். கார்னிவலன்று அதை உடுத்திச் செல்லும் சிறுமியை ஆசிரியை அன்போடு பார்த்து, “எவ்வளவு அழகான வேடம்!” என்று பாராட்டுவார். அதில் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் ஒருபுறம் கடற்கொள்ளைக்காரன், மறுபுறம் சூனியக்காரி, நடுவிலே தன் தாயும் அம்மம்மாவும் உடுத்திய உடுப்பு! அது கழற்றி வைக்கவேண்டிய பொருள் என்ற எண்ணம் அந்தப் பிஞ்சு மனத்தில் ஒருமுறை விழுந்துவிட்டால், பத்து வயதில் கோயிலுக்கு அதை உடுத்த மறுக்கும்போது பெற்றோர் வருந்திப் பயனில்லை. “இன்றைக்கு என்ன கார்னிவலா?” என்று அப்பிள்ளையே திருப்பிக் கேட்கக்கூடும்.

ஆதலால் கார்னிவலுக்கு வேடத்தையே கொடுப்போம். பிள்ளையைக் கேட்டு, அது விரும்பும் புலியோ, சமையற்காரரோ, கதை இளவரசியோ ஆகட்டும். பழைய சேலை ஒன்று அரசனின் அங்கியாகும். கடதாசி மட்டை முடியாகும். குளிர் காலமாகையால் உள்ளே கம்பளிச் சட்டை போடத்தக்க அளவில் தைப்பது நன்று. கண்ணை மறைக்கும் முகமூடி வேண்டாம். தெய்வ வேடங்களைக் கிருஷ்ண ஜெயந்திக்கும் நவராத்திரிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பாவாடை சட்டைக்கும் வேட்டிக்கும் உரிய நாட்கள் வேறு. 1989 இல் சிறு அளவில் தொடங்கி, 2002 யூலை 7 இல் ஹம் நகரத்தில் பெருங்கோயிலாகக் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த் திருவிழாவில், பல்லாயிரவர் வேட்டி சேலையோடு ஜேர்மன் வீதியிலே நடக்கின்றனர். அங்கே அதை வேடமென்று சொல்பவர் எவருமில்லை. பாடசாலையின் கோடை விழாவிலும் பிறந்தநாளிலும் அவ்வாறே உடுத்தி அனுப்பலாம். “இது எங்கள் வீட்டு உடுப்பு” என்று பிள்ளை தலை நிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொள்ளட்டும். பிறகு கார்னிவலில் அது புலியாக எவ்வளவு உறுமினாலும் கவலையில்லை.